குட்டி தனியாக நிற்கிறது: காட்டுக்கா, முகாமுக்கா, மிருகக்காட்சி சாலைக்கா?

மே 1 கிராம சபையில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் எழுந்து மனு வாசித்தான். தாயை இழந்த யானைக்குட்டியோ, கிணற்றில் விழுந்த கரடிக்குட்டியோ, எது கிடைத்தாலும் முதுமலைக்கோ வண்டலூருக்கோ லாரி ஏற்றி விடுகிறார்கள். போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இவ்வளவு காடு இருக்கிற கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கென்று ஒரு மிருகக்காட்சி சாலை வேண்டும் என்பது மனு. நன்றாக எழுதியிருந்தான். கூட்டம் கை தட்டியது. அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க ஜூவுல வேலை பாத்தவரு, முதல் கையெழுத்து நீங்க போடுங்க" என்றான்.

நான் போடவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மனுவை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து மனதில் ஓடுவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்காகவும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டோரம் நிலம் வைத்திருக்கிற எல்லோருக்காகவும்.

11 வருஷம் ஒரு மிருகக்காட்சி சாலையில் கீப்பராக இருந்தேன். முதலில் மான், அப்புறம் கரடி, கடைசி 3 வருஷம் சிறுத்தை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி ராகியும் அவரையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய வேலையை ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், காட்டோரம் ஏதாவது குட்டி கிடைத்தால் வனத்துறைக்குப் போன் போகும் முன்பே எனக்கு வந்துவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதை எங்கே அனுப்புறது?"

வழி நான்கு இருக்கிறது. தாயிடமே சேர்ப்பது. யானையாக இருந்தால் யானைகள் முகாம். மிருகக்காட்சி சாலை. நான்காவது வழி நம் பக்கம் இன்னும் வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து எது நல்லது என்று கேட்டால் பதில் வராது. எந்த விலங்கு, என்ன வயது, அடிபட்டதா இல்லையா, மனிதர் கையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தாயிடமே சேர்ப்பது

சும்மா விட்டுவிடுவது போலத்தான் இது தோன்றும். ஆனால் நான்கில் அதிகம் பாடுபட வேண்டிய வழி இதுதான். வெற்றி கிடைத்தால் இதைவிட நல்ல முடிவும் வேறில்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தனியாக இருக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. புள்ளிமான் குட்டி போட்டால் முதல் சில நாட்கள் அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். குட்டி அசையாமல் கிடக்கும். தாய் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போகும். சிறுத்தையும் அப்படித்தான், குட்டிகளைப் புதரிலோ கரும்புக்குள்ளோ மறைத்துவிட்டு இரைக்குப் போகும். கரடி நம் பக்கத்துப் பாறை இடுக்குகளில் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் குட்டி போடும். முதல் வாரங்களில் குகையை விட்டு அதிகம் வெளியே வராது. அப்புறம் இரவில் இரை தேடிப் போய் வரும். விறகுக்குப் போனவர்கள் குகையில் குட்டியை மட்டும் பார்த்தால், தாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது.

இரண்டு வருஷம் முன்பு நடந்தது. புல் அறுக்கப் போன ஒரு அக்கா, மான்குட்டி ஒன்றை முந்தானையில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார். கெட்ட எண்ணமே இல்லை. "தாயில்லாப் பிள்ளை, நாய் கடிச்சிருமேன்னு பயந்தேன்" என்றார். எனக்குத் தகவல் வந்தபோது மதியம் பன்னிரண்டு. போய்ப் பார்த்தால் திண்ணையில் குட்டி, சுற்றி முப்பது பேர், எல்லோர் கையிலும் போன். புட்டியில் பசும்பால் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பாதி மூக்கு வழியாக வந்திருக்கிறது. விலா எலும்புக்குள் இதயம் அடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது, காது சில்லென்று இருந்தது. மானுக்குப் பயமே விஷம். துரத்தியோ பிடித்தோ வைத்தால் தசையெல்லாம் சிதைந்து, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ செத்துப்போகும். மான் கொட்டிலில் வேலை பார்த்தபோது அப்படிச் செத்த மான்களை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன்.

கூட்டத்தைக் கலைத்து, குட்டியை இருட்டான அறையில் சாக்கு விரித்துக் கிடத்தி, கண்ணைத் துணியால் மூடினோம். வனக்காப்பாளர் வந்தார். வெயில் தாழ்ந்ததும் அந்த அக்காவையே கூட்டிப்போய், எடுத்த இடத்தை அடையாளம் காட்டச் சொன்னோம். கருவேல மரத்துக்குத் தெற்கே நாலு எட்டு என்று துல்லியமாகக் காட்டினார். அதே புல்லில் குட்டியைக் கிடத்திவிட்டு, தூரத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். நன்றாக இருட்டின பிறகு புல் சரசரக்கும் சத்தம் வந்தது. டார்ச் அடிக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தோம். குட்டி இல்லை, ரத்தம் இல்லை. ஈர மண்ணில் பெரிய குளம்பும் சின்னக் குளம்பும் சேர்ந்து காட்டுப் பக்கம் போயிருந்தன.

மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வார்கள். பாலூட்டிகளில் பெரும்பாலும் அது உண்மையில்லை. தாயை விரட்டுவது கூட்டமும் சத்தமும்தான். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பது வழக்கம். அங்கே வனத்துறையும் மாணிக்டோஹ் சிறுத்தை மையமும் சேர்ந்து குட்டியைப் பரிசோதித்து, ஒரு பெட்டியில் வைத்து, கிடைத்த அதே இடத்தில் அந்தியில் வைத்துவிடுகிறார்கள். கேமரா மட்டும் காவல் இருக்கும். தாய் வந்து பெட்டியைக் கவிழ்த்து, குட்டியைக் கழுத்தில் கவ்விப் போவது பல முறை பதிவாகியிருக்கிறது.

யானை விஷயம் இன்னும் கடினம். குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ. பால் இல்லாமல் அதிக நேரம் தாங்காது. கூட்டம் எங்கே போயிற்று என்று தேட வேண்டும், ஓட்டிப்போக வேண்டும், சேர்த்துக்கொள்கிறதா என்று விடிய விடியப் பார்க்க வேண்டும். மனித வாடை போகக் குட்டியின் மேல் யானைச் சாணமும் சேறும் பூசுவார்கள். 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் பக்கம் பிரிந்த குட்டியை வனத்துறை தாயுடன் சேர்த்தது. தாயின் காலடியில் அது தூங்கும் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. ஆறு மாதம் கழித்து, 2024 ஜூனில், கோவை மருதமலை அடிவாரத்தில் நோயிலிருந்து மீண்ட தாய் காட்டுக்குப் போய்விட, குட்டியைச் சேர்க்க எடுத்த முயற்சிகள் பலிக்காமல் அது முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போனது. இரண்டு இடத்திலும் பாடுபட்டவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. யானை முடிவெடுக்கும் விஷயத்தில் நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நம் மாரண்டஅள்ளிப் பக்கம் 2023 மார்ச்சில் திருட்டுத்தனமாக வைத்த மின்வேலியில் 3 யானைகள் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். உயிர் தப்பிய இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றைப் பிடித்து அடைக்காமல் காட்டுக்குள் போகவிட்டுக் கண்காணித்தார்கள். அந்த முடிவு சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஓரளவு வளர்ந்து, சொந்தக் காலில் ஓடக்கூடிய குட்டியைக் காடு தாங்கும். பச்சைக் குட்டியைத் தாங்காது.

யானைகள் முகாம்

மனுவில் முதலில் வருவது யானைக்குட்டி. ஆனால் யானைக்கு மிருகக்காட்சி சாலை என்ற பேச்சே இப்போது கிடையாது. மிருகக்காட்சி சாலைகளில் யானை வைக்கக் கூடாது, இருப்பவற்றையும் முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்ற வேண்டும் என்று மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் 2009ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்கும் மிருகத்துக்கு அந்த அடைப்பு போதாது. ஓசூரிலேயே பெரிய மிருகக்காட்சி சாலை கட்டினாலும் நம் யானைக்குட்டிக்கு அங்கே இடம் இல்லை.

நம் பக்கத்துக்கு முகாம் என்றால் முதுமலைத் தெப்பக்காடுதான். அங்கே நம் ஊர்க் கதைகள் இரண்டு இருக்கின்றன. 2017இல் தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம், தாய் மின்சாரம் தாக்கிச் செத்து, உடம்பெல்லாம் புண்ணோடு கிடைத்த குட்டிக்கு ரகு என்று பேர் வைத்தார்கள். முகாமைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்தார்கள். பிழைத்து, வாட்டசாட்டமாக வளர்ந்தான். 2023 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட இன்னொரு குட்டி, கூட்டத்தோடு சேராததால் அதே முகாமுக்கு, அதே தம்பதியிடம் போனது. மாதம் முடிவதற்குள் செத்துப்போனது. கொடுத்த பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ளாமல் முடிவெடுக்க முடியாது. யானைப் பாலின் கொழுப்பு மாட்டுப்பால் கொழுப்பு மாதிரி இல்லை. கென்யாவில் அநாதை யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் பல வருஷம் குட்டிகளைப் பறிகொடுத்த பிறகுதான், தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவு யானைக்குட்டிக்கு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார். இவ்வளவு தெரிந்த பிறகும் பச்சைக் குட்டியைப் பிழைக்க வைப்பது எங்கேயும் பாதிக்குப் பாதிதான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். குட்டி தாயின் சாணத்தைத் தின்றுதான் வயிற்றுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெறுகிறது. புட்டிப்பாலில் அது கிடையாது. இரவில் தும்பிக்கை எதையாவது தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தூங்காது. அதனால்தான் வளர்ப்பவர்கள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார்கள். நம் ஊரில் கிணற்றிலிருந்து தூக்கியதும் பாசத்தில் ஊற்றும் அந்த ஒரு வாளி மாட்டுப்பால், முகாம் போய்ச் சேரும் முன்பே பாதிக் கேடு செய்துவிடும்.

முகாமில் பிழைத்த குட்டிக்கு வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது. மற்ற யானைகளோடு ஆற்றில் குளிக்கும், பாகனோடு காட்டில் மேயும். முகாம் யானைகளுக்குக் கொடுக்கும் கவளத்தில் ராகியும் கொள்ளும்தான் முக்கியம். ராகி விளைந்தால் எங்கள் வயலுக்கு யானை வருகிறதே, அதே ராகி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முகாமில் வளர்ந்தது மறுபடி காட்டு யானை ஆவதில்லை. 60 வருஷம் வாழ்ந்தாலும் பாகன் சொல்படிதான்.

மிருகக்காட்சி சாலை

இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். பார்வையாளருக்குத் தெரிவது அகழிக்கு அப்பால் மரத்தடியில் படுத்திருக்கும் கரடி. கீப்பருக்கு மிருகக்காட்சி சாலை என்பது பின்பக்கம் இருக்கும் நைட் ஷெல்டர், அதாவது இரவில் விலங்கை அடைக்கும் அறை. காலை ஏழு மணிக்கு உள்ளே போகும் முன் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் தண்ணீரில் செருப்போடு கால் நனைக்க வேண்டும். முதல் வேலை எண்ணிக்கை, இரண்டாவது வேலை சாணம். நேற்று எப்படி, இன்று எப்படி, புழு இருக்கிறதா, இறைச்சி செரித்திருக்கிறதா என்று சாணம்தான் சொல்லும். காட்டு விலங்கு நோவைக் காட்டிக்கொள்ளாது. காட்டிக்கொள்ளும் நாளில் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அப்புறம் கதவு. விலங்கு ஒரு அறையில், நாங்கள் அடுத்த அறையில், நடுவில் இரண்டு கதவு, இரண்டு பூட்டு. சிறுத்தைக்குச் சாயங்காலம் உள்ளே அழைத்து இறைச்சி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. காட்டில் தினமும் இரை கிடைக்காது, தினமும் போட்டால் கொழுத்துப் போகும்.

நான் பார்த்த ஒரு கரடி, சின்ன வயதிலேயே கண்ணியில் முன்னங்கால் நகங்களை இழந்து வந்தது. கறையான் புற்றைத் தோண்டித் தின்பதற்குத்தான் கரடிக்கு அவ்வளவு பெரிய நகங்கள். மேல்வரிசையில் நடு இரண்டு பல் கிடையாது, அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். நகம் போன கரடியைக் காட்டில் விட்டால் பட்டினிதான். அதற்கு மிருகக்காட்சி சாலைதான் கதி, அதில் சந்தேகமே இல்லை. ராகிக் கூழில் தேன் கலந்து ஊற்றினால் பாத்திரத்தைக் கவிழ்த்து நக்கும். ஆனால் சாப்பிட்ட பிறகு நாள் முழுக்க வேலி ஓரமாக எட்டு வடிவில் நடக்கும். அதே தடம், அதே திருப்பம், திரும்பும் இடத்தில் தலையை ஒரு சிலுப்பு. புல் தேய்ந்து மண் தெரிந்தது. மருத்துவர் சொல்லி, யூக்கலிப்டஸ் கட்டையில் துளை போட்டுத் தேனும் வெல்லமும் அடைத்து, தினம் ஓர் இடத்தில் ஒளித்து வைத்தோம். வெயில் காலத்தில் பழம் வைத்த ஐஸ் கட்டி. கம்பி வலை வழியாகக் காலை நீட்டினால் தேன் என்று பழக்கி, மயக்க ஊசி இல்லாமலே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். நடை பாதியாகக் குறைந்தது. முழுக்க நிற்கவே இல்லை. நான் வேலையை விட்டு வரும் நாளிலும் நடந்துகொண்டுதான் இருந்தது.

நல்ல கவனிப்பு என்றால் அதுதான். அதற்கு ஒரு மருத்துவர், பழகிய கீப்பர்கள், இடம், தண்ணீர், தினமும் வந்து சேரும் இறைச்சி, வந்த விலங்கைத் தனியே வைத்துப் பார்க்க ஓர் இடம் எல்லாம் வேண்டும். இவையெல்லாம் இருக்கிற இடங்களிலேயே நோய் வந்தால் நிலைமை கையை மீறிவிடும். 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு செத்தன. 2023இல் பெங்களூரு பக்கத்துப் பன்னேர்கட்டாவில் ஏழு சிறுத்தைக் குட்டிகள் பூனை இனத்துக்கு வரும் பான்லூகோபீனியா வைரஸால் செத்தன. தாயைப் பிரிந்த குட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்தால் அந்த ஆபத்து கூடவே வரும். சிறுத்தைக்குட்டியைத் தாயிடம் சேர்க்க இன்னொரு இரவு காத்திருக்கலாமா, உடனே அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருப்பது என்று பார்த்தால், தர்மபுரிக்குச் சேலத்துக் குரும்பப்பட்டி அருகில். ஓசூருக்குப் பன்னேர்கட்டா இன்னும் அருகில், அங்கே கரடிகளுக்கென்றே மீட்பு மையம் இருக்கிறது. ஆனால் அது வேறு மாநிலம், எல்லை தாண்டி விலங்கை அனுப்ப இரண்டு பக்க அனுமதியும் வேண்டும். தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நகம் போன கரடிக்கு ஒரு மணி நேரப் பயணம் மிச்சமாவதைவிட, போகிற இடத்தில் இன்னொரு கரடி துணை இருப்பது முக்கியம். ஜோடி இல்லாமல் ஒரு விலங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று மிருகக்காட்சி சாலை விதியே சொல்கிறது.

தம்பி கேட்கிற மாதிரி மாவட்டத்துக்கு ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை வந்தால் என்ன ஆகும்? என் அனுபவத்தில், சின்ன இடங்களில் கடைசியில் நிறைவது புள்ளிமானும் குரங்கும் மயிலும்தான். மான் அடைப்பில் நிறுத்தாமல் பெருகும். கிடாயையும் பெட்டையையும் பிரித்து வைக்காவிட்டால் சில வருஷத்தில் தீவனம் பத்தாது, கிடாய்கள் கொம்பு முற்றும் பருவத்தில் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். அடிபட்ட சிறுத்தை வந்தால் வைக்க அறை இருக்காது. வாசலில் டிக்கெட் விற்கிற இடம் கூட்டத்தை எதிர்பார்க்கும். ஆனால் காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய குட்டிக்குக் கூட்டமே கூடாது. இந்த இரண்டையும் ஒரே வேலிக்குள் வைக்க முடியாது என்பதால்தான் நான் கையெழுத்துப் போடவில்லை.

நம் பக்கம் இல்லாத நான்காவது வழி

குட்டியை மனிதருக்குப் பழக்காமல் வளர்த்து, மறுபடி காட்டிலேயே விடுவதுதான் அந்த வழி. இலங்கையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக. பின்னவலை 1975இல் அநாதை யானைக்குட்டிகளுக்காகத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். அங்கே வந்த குட்டிகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போட்டன. காட்டுக்குத் திரும்பவில்லை. உடவளவையில் 1995இல் வனஜீவராசிகள் துறை தொடங்கிய யானைகள் தற்காலிக இல்லம் வேறு மாதிரி. பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதர் குட்டியிடம் போவதில்லை. கொஞ்சுவது, பேர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடுவது எதுவும் இல்லை. குட்டிகள் ஒன்றையொன்று துணையாகக் கொண்டு காட்டில் மேயும், பால் நேரத்துக்கு மட்டும் வரும். ஏறத்தாழ 5 வயதில் கூட்டாகக் காட்டில் விட்டுவிடுவார்கள். இப்படி நூற்றுக்கும் மேல் விட்டிருக்கிறார்கள். அவற்றில் சில காட்டிலேயே குட்டி போட்டு வாழ்கின்றன.

நம் நாட்டிலும் உண்டு. அஸ்ஸாமில் காசிரங்கா பக்கத்தில் 2002 முதல் நடக்கும் வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டி, யானைக்குட்டி எல்லாம் வளர்ந்து, மானஸ் காட்டில் விடப்படுகின்றன.

எல்லா விலங்குக்கும் இது சரிப்படாது. கையில் வளர்ந்த சிறுத்தை மனிதனைப் பார்த்துப் பயப்படாது. அதைக் காட்டில் விட்டால் அது நேராக ஊருக்குத்தான் வரும். கரடியும் ஏறக்குறைய அப்படித்தான். கையில் வளர்ந்த ஆண் மான், கொம்பு முளைத்ததும் வளர்த்தவரையே குத்தும். யானைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதன் கூட்ட வாழ்க்கை. குட்டிகள் தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டமாகிவிடும்.

விடுவதற்கு நம்மிடம் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் வந்தது. 2022இல் காவேரி தெற்கு சரணாலயமும் வந்து, இரண்டு மாவட்டக் காடும் கர்நாடகத்துக் காடும் தொடர்ந்து கிடக்கின்றன. யானை கிடைப்பதும் இங்கேதான், மின்வேலியில் சாவதும் இங்கேதான். குட்டி வளர்ந்து திரும்புவதும் இங்கேயே இருக்கக் கூடாதா?

சரி, எந்தக் குட்டிக்கு எந்த வழி?

மான்குட்டி என்றால் தொடாதீர்கள். தூக்கி வந்துவிட்டால் அன்றே சாயங்காலம் அதே இடத்தில். உடம்பில் அடி இருந்தால் மட்டும் மருத்துவர். சிறுத்தைக்குட்டிக்கு இரண்டு மூன்று இரவாவது தாய்க்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்த வயலின் சொந்தக்காரர் அறுவடையை இரண்டு நாள் தள்ளிப்போட வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகள் மனதுவைத்தால் அதைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கரடிக்குட்டி முழுசாக இருந்தால் குகைக்கே. அடிபட்டிருந்தால் இன்னொரு கரடி இருக்கிற நல்ல மிருகக்காட்சி சாலைக்கு, ஆயுள் முழுக்க என்று தெரிந்தே. யானைக்குட்டிக்கு முதலில் கூட்டம், முடியாவிட்டால் முகாம்.

எதுவாக இருந்தாலும் முதல் சில மணி நேரம் நம் கையில்தான். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டு, நிழல், அமைதி, கண்ணுக்குத் துணி. யானைக்குட்டியானால் மேலே ஈரச்சாக்கு. பால் வேண்டவே வேண்டாம். என்ன கொடுப்பது என்று கால்நடை மருத்துவர் சொல்வார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆக வேண்டும், வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆனால் அந்தக் குட்டிக்கு 48 மணி நேரம் இல்லை, ஆறு மணி நேரம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியை நேற்று வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா களி கிண்டிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் மனுவைத் திருத்தினோம். மிருகக்காட்சி சாலை என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: "காவேரி சரணாலயங்களை ஒட்டி, பார்வையாளர் அனுமதி இல்லாத, அடிபட்ட விலங்குகளுக்கான சிகிச்சை அறையும் அநாதை யானைக்குட்டிகளுக்கான தற்காலிக இல்லமும், இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து முழுநேர வனக் கால்நடை மருத்துவர் ஒருவர், குட்டியை மீட்கும் ஒவ்வொரு ரேஞ்சிலும் யானைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளும் பால்மாவு இருப்பு." பால்மாவை அவன்தான் சேர்த்தான். பென்னாகரம் குட்டியைப் பற்றிச் சொன்னபோது களியைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது, அப்புறம் பேனாவைக் கேட்டான்.

முதல் கையெழுத்து நான் போட்டேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவன் வாசிக்கிறான்.